நெரிசல் கட்டணம்: வெளியூர் அனுபவமும் நம் கடை வாசலும்

கூட்டமான நேரத்தில் நகரத்துக்குள் வண்டி நுழைந்தால் தனியாகக் காசு என்று அவ்வப்போது பத்திரிகையில் ஒரு செய்தி வருகிறது. வந்த மறுநாளே உறுப்பினர்கள் சிலர் தொலைபேசியில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அண்ணாச்சி, இது நம்ம தலையிலும் விழுமா?" விழுமா விழாதா என்று சோதிடம் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் இந்தக் கட்டணம் உலகத்தில் சில ஊர்களில் ஐம்பது ஆண்டுகளாக நடப்பில் இருக்கிறது. அங்கே வண்டி குறைந்ததா, கடைக்காரர் நிலைமை என்ன ஆயிற்று, ஜனங்கள் முதலில் என்ன பேசினார்கள், பிறகு என்ன பேசினார்கள் என்பதெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்து வைத்திருக்கிற விஷயம். எதிர்ப்பதானாலும் ஏற்பதானாலும் விவரம் தெரிந்து செய்வது வியாபாரிக்கு அழகு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சுங்கச்சாவடிக் கட்டணம் வேறு, இது வேறு. சுங்கச்சாவடியில் வாங்குவது சாலை போட்ட செலவுக்கு. நள்ளிரவு 2 மணிக்குப் போனாலும் பகல் 10 மணிக்குப் போனாலும் ஒரே தொகை. நெரிசல் கட்டணம் கூட்டமான நேரத்துக்கு மட்டும், அல்லது அந்த நேரத்துக்குக் கூடுதலாக. வசூலைவிட வண்டியைக் குறைப்பதே அதன் நோக்கம். வசூலும் வருகிறது என்பதை யாரும் மறைப்பதில்லை.

இதன் தத்துவம் மண்டித் தெருவில் இருக்கும் நமக்குப் புரியாததல்ல. நான்கு லாரி நின்று சரக்கு இறக்க இடம் உள்ள தெரு. நான்கு நின்றால் வேலை ஓடும். ஐந்தாவது வந்து குறுக்கே நின்றால் அது மட்டுமா தாமதமாகிறது? முன்னால் வந்த நான்கும் வெளியேற முடியாமல் ஆளுக்கு அரை மணி நிற்கும். ஐந்தாவது லாரிக்காரர் தன்னுடைய அரை மணியைத்தான் நஷ்டமாகப் பார்ப்பார். மற்ற நால்வருக்கும் சேர்த்து அவர் உண்டாக்கிய இரண்டு மணி நேரத்தை எவரும் அவர் கணக்கில் பற்று எழுதுவதில்லை. அந்தப் பற்றை எழுதச் சொன்னவர்தான் வில்லியம் விக்ரி. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1950-களிலேயே நியூயார்க் சுரங்க ரயிலுக்கும் வாஷிங்டன் நகரச் சாலைகளுக்கும் நேரத்துக்குத் தக்க கட்டணம் வையுங்கள் என்று எழுதினார். கேட்பாரில்லை. 1996 அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்றே நாளில் காலமாகிவிட்டார்.

இன்னொரு விஷயமும் உண்டு. நெரிசலைத் தீர்க்க வண்டிகளில் பாதியைக் குறைக்க வேண்டியதில்லை. நான்கு லாரித் தெருவில் ஐந்தாவது ஒன்று போனால் போதும், மற்றதெல்லாம் நகர்ந்துவிடும். பள்ளிக்கூட விடுமுறையில் காலை நேரச் சாலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கொஞ்சம் வண்டிதான் குறைந்திருக்கும், போகிற நேரமோ பெரிதும் குறைந்திருக்கும்.

சாலைக்கு முன்னால் விமான ஓடுபாதையில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். ஓடுபாதை ஒன்றில் ஒரு சமயத்தில் ஒரு விமானம்தான் இறங்க முடியும். நானூறு பேர் வரும் விமானமும் நான்கு பேர் வரும் சின்ன விமானமும் ஏறக்குறைய ஒரே அளவு நேரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. 1968-ல் நியூயார்க் வட்டார விமான நிலையங்களில் கூட்டமான நேரத்தில் இறங்கும் சிறு விமானங்களுக்குக் குறைந்தபட்சக் கட்டணத்தை 5 டாலரிலிருந்து 25 டாலராக்கினார்கள். சொந்த விமானத்தில் வரும் பணக்காரருக்கு 20 டாலர் ஒரு பொருட்டா என்று கேட்கத் தோன்றும். ஆனாலும் அந்த நேரத்தில் சிறு விமானங்களின் வரத்து கணிசமாகக் குறைந்தது. பலர் வேறு நேரத்துக்கோ பக்கத்துச் சிறு நிலையத்துக்கோ மாறிக்கொண்டார்கள். மாற முடியாதவர் காசு கொடுத்தார். ஓடுபாதையில் நெரிசல் என்பது நேர விரயத்தோடு போகிற விஷயமுமல்ல. 1977 மார்ச் 27-ல் ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் விமானங்களையெல்லாம் அந்தச் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். நிறுத்த இடமில்லாமல் விமானங்கள் இணைப்புப் பாதையை அடைத்து நின்றன. அதனால் புறப்பட வேண்டியவை ஓடுபாதை மீதே ஊர்ந்து போக வேண்டியதாயிற்று. மூடுபனியும் பேச்சுக் குழப்பமும் சேர்ந்துகொண்டன.

சாலைக்கு வருவோம். நம்மவர் பலர் கடை வைத்திருக்கும் சிங்கப்பூர்தான் முதல் ஊர். 1975 ஜூன் மாதம் நகர மையத்தைச் சுற்றி எல்லை போட்டு, காலை 7.30 மணியிலிருந்து உள்ளே நுழையும் காருக்கு ஒரு நாளைக்கு 3 வெள்ளி, மாதச் சீட்டு 60 வெள்ளி என்று வைத்தார்கள். எந்திரம் எதுவும் கிடையாது. கண்ணாடியில் ஒட்டும் காகிதச் சீட்டுதான். நுழைவாயிலில் காவலர் நின்று பார்த்து எழுதிக்கொள்வார். கால் பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்தால் போதும் என்று எதிர்பார்த்தார்கள். காலை நேரத்தில் கிட்டத்தட்ட 45 சதம் வண்டி குறைந்துபோயிற்று. நான்கு பேர் உள்ள காருக்கு விலக்கு என்றதும், பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு எல்லையைத் தாண்டுகிற பழக்கம் உடனே வந்துவிட்டது. மனிதன் எங்கும் மனிதன்தான். எல்லைக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுப் பேருந்தில் போகட்டும் என்று பெரிய நிறுத்துமிடங்களைக் கட்டினார்கள். அவை காற்று வாங்கின. காலையில் குறைந்தால் மாலையிலும் தானாகக் குறையும் என்ற கணக்கும் பலிக்கவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது, தொடக்கத்தில் சரக்கு வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கட்டணம் கிடையாது. 1989-ல்தான் அவற்றையும் சேர்த்தார்கள். அப்போது மாலை நேரத்துக்கும் கட்டணம் வந்தது. 1998-ல் காகிதச் சீட்டு போய் மின்னணு முறை வந்தது. வண்டியில் ஒரு சிறு கருவி, அதில் பண அட்டை, வளைவின் கீழ் போனால் தானாகக் கழியும். நம் ஊர் ஃபாஸ்டேக்கின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு விலை. வேகத்தைப் பார்த்து விலையை மாற்றுகிறார்கள். நகரச் சாலையில் 20 முதல் 30 கிலோமீட்டர், விரைவுச் சாலையில் 45 முதல் 65 கிலோமீட்டர் வேகம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் அளவுகோல். வேகம் அதற்கும் கீழே போனால் விலை ஏறும், மேலே போனால் இறங்கும். விலை இறங்கும் நிமிஷத்துக்காகச் சிலர் சாலையோரம் வண்டியை நிறுத்திக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். அதனால் இடையில் ஐந்து நிமிஷ நடுத்தர விலை ஒன்றையும் புகுத்த வேண்டியதாயிற்று. 2020-ல் கொரோனாவால் சாலை காலியானபோது கட்டணத்தை நிறுத்தியும் வைத்தார்கள். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஏற்றிய கட்டணத்தை இறக்கிக் காட்டுகிற அரசாங்கத்தை ஜனங்கள் நம்புவார்கள்.

லண்டனில் 2003 பிப்ரவரி 17-ல் தொடங்கியது. மேயர் கென் லிவிங்ஸ்டன். நாளொன்றுக்கு 5 பவுண்டு, காருக்கும் லாரிக்கும் ஒரே தொகை. கேமரா நம்பர் பலகையைப் படித்துக்கொள்ளும். எல்லைக்குள் குடியிருப்போருக்கு 90 சதம் தள்ளுபடி. முதல் ஆண்டுகளில் உள்ளே வரும் நான்கு சக்கர வாகனம் 18 சதமும், நெரிசல் தாமதம் 30 சதமும் குறைந்ததாக நகரப் போக்குவரத்துத் துறை கணக்குக் காட்டியது. கடைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலுள்ள ஜான் லூயிஸ் என்ற பெரிய கடை, விற்பனை விழுந்ததற்குக் கட்டணமே காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னது. ஆராய்ந்து பார்த்தவர்கள் சொன்ன முடிவு இரு தரப்புக்கும் முழு வெற்றி தருவதாக இல்லை. அந்தக் கடைக்குப் பாதிப்பு உண்டு. மத்திய லண்டன் சில்லறை வியாபாரம் மொத்தமாகப் பார்த்தால் பாதிப்பு தென்படவில்லை. அதே சமயத்தில் அந்தத் தெருவுக்கு ஆள் கொண்டுவரும் சென்ட்ரல் லைன் சுரங்க ரயிலும் ஒரு விபத்தால் வாரக்கணக்கில் நின்றிருந்தது. எது எதனால் என்று பிரிப்பது சுலபமல்ல. மொத்தத்தில் நஷ்டமில்லை என்ற சராசரியைக் காட்டி ஒரு குறிப்பிட்ட கடைக்காரரின் நஷ்டத்தை மூடிவிட முடியாது என்பது என் கட்சி. சராசரி ஆழம் முழங்கால் என்று ஆற்றில் இறங்கியவன் கதைதான்.

லண்டனில் கிடைத்த இன்னொரு பாடம், பலன் தேய்ந்துபோனது. சில ஆண்டுகளில் குழாய் பதிக்கத் தோண்டியதும், சாலையின் ஒரு பகுதியைப் பேருந்துக்கும் நடப்பவருக்கும் ஒதுக்கியதும் சேர்ந்து, வண்டி குறைவாக இருந்தபோதே நெரிசல் பழையபடி ஆயிற்று. கட்டணம் மட்டும் இறங்கவில்லை. 2005-ல் 8 பவுண்டு, 2011-ல் 10, 2020-ல் 15, 2026 ஜனவரியில் 18. மேற்குப் பகுதிக்கு விரித்த எல்லையை மட்டும் மக்கள் எதிர்ப்பால் சில ஆண்டுகளில் சுருட்டிக்கொண்டார்கள்.

ஜனங்கள் மனசு எப்படி மாறுகிறது என்பதற்கு ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமைத்தான் பார்க்க வேண்டும். 2006 ஜனவரி முதல் ஜூலை முடிய ஏழு மாதம் சோதனை, பிறகு ஓட்டெடுப்பு என்று முன்கூட்டியே சொல்லித் தொடங்கினார்கள். நேரத்துக்குத் தக்கபடி 10, 15, 20 குரோனர். ஒரு நாளைக்கு 60-க்கு மேல் இல்லை. தொடங்கும் முன் ஆதரவு மூன்றில் ஒரு பங்கு அளவுதான். முதல் நாளிலிருந்தே எல்லையைக் கடக்கும் வண்டி ஐந்தில் ஒன்று குறைந்தது. ஜூலை முடிந்து கட்டணம் நின்றதும் கூட்டம் திரும்பிவிட்டது. செப்டம்பரில் ஓட்டுப் போட்டபோது நகரவாசிகளில் சுமார் 53 சதம் ஆதரவு. சுற்றியுள்ள நகராட்சிகள் பலவற்றில் எதிர்ப்பே அதிகம். வெளியிலிருந்து வருபவன்தானே காசு கொடுக்கிறான். 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமாயிற்று. 2011 வாக்கில் ஆதரவு மூன்றில் இரண்டு பங்கையும் தாண்டியது. இந்த வேலையில் இருந்த ஆராய்ச்சியாளர் யோனாஸ் எலியாசன் ஒரு வேடிக்கையைச் சொல்கிறார். முன்பு எதிர்த்துப் பிறகு ஆதரித்தவர்களில் பலரைக் கேட்டால், தாம் எப்போதுமே ஆதரித்ததாகத்தான் நினைக்கிறார்களாம். சோதனைக் காலத்தில் கடை விற்பனையை ஆராய்ந்தவர்களுக்கும் சொல்லும்படியான பாதிப்பு தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு, எதிர்ப்பெல்லாம் நாலு நாள் சத்தம், அமல்படுத்திவிட்டால் அடங்கிவிடும் என்று அதிகாரிகள் முடிவு கட்டினால் அது தவறு. எடின்பரோ நகரில் 2005-ல் ஓட்டெடுப்பு வைத்தார்கள். நான்கில் மூன்று பங்கு வேண்டாம் என்றது. மான்செஸ்டரில் 2008-ல் அதைவிடப் பலமாக வேண்டாம் என்றார்கள். இரண்டு இடத்திலும் திட்டம் கைவிடப்பட்டது. இரண்டு இடத்திலும் அனுபவிக்கும் முன்பே கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். ருசி பார்க்காத பண்டத்துக்கு விலை கேட்டால் எந்த வாடிக்கையாளரும் முகம் சுளிப்பார். ஸ்வீடனிலேயே கோத்தன்பர்க் நகரில் 2013-ல் தொடங்கி, 2014 ஓட்டெடுப்பில் 57 சதம் எதிர்ப்பு வந்தும் நிறுத்தவில்லை. வசூலை நம்பி ரயில் சுரங்கப் பாதை முதலான வேலைகளுக்குக் கணக்குப் போட்டுவிட்டார்கள். ஹாங்காங்கில் 1983 முதல் 1985 வரை மின்னணு முறையில் சோதனை நடத்தினார்கள். நான் எங்கே போகிறேன் என்று சர்க்கார் குறித்துக்கொள்வதா என்று மக்கள் கொதித்ததில் அது நின்றது. இத்தாலியின் மிலான் நகரிலோ 2011-ல் ஏறக்குறைய 79 சதம் ஆதரவு. அங்கே அதற்கு முன் மூன்று ஆண்டாகப் புகைக்குத் தக்க நுழைவுக் கட்டணம் நடப்பில் இருந்தது, பழகிவிட்டிருந்தார்கள்.

இனி நம் வயிற்றுக்கு நெருக்கமான விஷயம். சரக்கு லாரிக்குக் கட்டணம் வைத்தால் அதை யார் கொடுக்கிறார்? நியூயார்க்கில் 2001-ல் பாலம், சுரங்கப் பாதைகளில் கூட்டமான நேரத்துக்கு அதிகக் கட்டணம் வைத்தபோது ஹோசே ஓல்கின் வேராஸ் என்ற பேராசிரியர் குழு லாரிக்காரர்களைக் கேட்டறிந்தது. நேரத்தை மாற்றியவர் சொற்பம். ஏற்றிய கட்டணத்தைச் சரக்கு வாங்கும் கடைக்காரரிடம் வசூலித்தவரும் சொற்பம். காரணம் நமக்குத் தெரிந்ததே. சரக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று முடிவு செய்வது லாரிக்காரரல்ல, கடைக்காரர். காலை 9 மணிக்குக் கடைப்பையன் வந்த பிறகு இறக்கு என்று நாம் சொன்னால் அவர் 9 மணிக்குத்தான் வர முடியும். போட்டி பலமாக இருப்பதால் வாடகையையும் ஏற்ற முடியாது. ஆக, லாரிக்காரர் தலையில் கட்டணம் விழுகிறது, நெரிசலோ குறைவதில்லை.

பிறகு 2009, 2010-ல் அதே குழு மன்ஹாட்டனில் வேறு வழியைச் சோதித்தது. இரவு 7 மணிக்கு மேல் காலை 6-க்குள் சரக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கும் கடைக்கு ஊக்கத்தொகை. வண்டி வேகமாகப் போயிற்று. லாரி நிறுத்தத்துக்கு மாதந்தோறும் கட்டிய அபராதமும் மிச்சம். ஊக்கத்தொகை நின்றதும், ராத்திரியில் ஆள் வைத்துச் சரக்கு இறக்கிய கடைகள் பகலுக்கே திரும்பிவிட்டன. ஆள் இல்லாமல், சாவியை நம்பிக்கையான லாரிக்காரரிடம் கொடுத்து இறக்கிக்கொண்டவர்கள்தான் இரவிலேயே தொடர்ந்தார்கள். சாவியை லாரிக்காரரிடம் கொடுப்பதா என்று நீங்கள் பதறுவது எனக்குக் கேட்கிறது. கடைக்கு முன்னால் பூட்டோடு ஒரு சரக்கு அறை இருந்தால் அதற்கு மட்டும் சாவி கொடுக்கலாம். சைக்கிளில் பால் கேன் வைத்துவிட்டுப் போகிறவரையும் விடியற்காலையில் பத்திரிகைக் கட்டு போடுகிறவரையும் நாம் நம்பவில்லையா?

நியூயார்க்கில் நெரிசல் கட்டணமே வந்தது 2025 ஜனவரி 5-ல். 2024 ஜூனில் தொடங்க வேண்டியதை ஆளுநர் கடைசி நேரத்தில் நிறுத்தி, 15 டாலராக இருந்ததை 9 டாலராக்கித் தொடங்கினார். சிறு லாரிக்கு 14.40, பெரிய லாரிக்கு 21.60 டாலர். இரவில் நான்கில் ஒரு பங்குதான். மத்திய அரசு அனுமதியை ரத்து செய்யப் பார்த்து வழக்கும் நடந்தது, கட்டணம் தொடர்ந்தது.

நம் நாட்டில் இதற்குச் சற்று நெருக்கமானது டில்லியில் 2015-ல் உச்ச நீதிமன்ற உத்தரவால் வந்த சுற்றுச்சூழல் ஈட்டுக் கட்டணம். அது புகைக்காக, நகரத்துக்குள் நுழையும் சரக்கு வண்டியிடம் வாங்குவது. உணவுப் பொருளுக்குத் தொடக்கத்தில் விலக்கு இருந்தது. கார் என்ற பேச்சே இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான். நம் பக்கத்தில் நெரிசலுக்கு மருந்து என்றால் பகலில் லாரிக்குத் தடை, அல்லது சந்தையையே தூக்கி வெளியே வைப்பது. கொத்தவால் சாவடி 1996-ல் கோயம்பேட்டுக்குப் போன கதையை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தடைக்கு விலை இல்லை என்று நினைக்காதீர்கள். ஊர் எல்லையில் எட்டு மணி நேரம் நிற்கும் லாரிக்கு ஹால்டிங், டிரைவர் படி, வாடிப்போகும் காய்கறி, இரவு இறக்குக்கூலி எல்லாம் சேர்ந்து நம் கொள்முதல் விலையில்தான் ஏறுகிறது. அதுவும் ஒரு நெரிசல் கட்டணமே. அதைச் சரக்கு மட்டும் கொடுக்கிறது, ஒற்றை ஆள் உட்கார்ந்து வரும் கார் கொடுப்பதில்லை. எல்லா வண்டிக்கும் பொதுவான கட்டணம் வந்து, அதற்குப் பதில் இந்தத் தடை தளருமானால் மளிகை வியாபாரிக்கு அது நஷ்டமா லாபமா என்பதை ஆத்திரப்படாமல் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தடையும் நீடித்து, கட்டணமும் மேலே வந்தால் கடையடைப்புக்கு நானே முதலில் நிற்பேன்.

வாடிக்கையாளர் வராமல் போவார் என்ற பயம் இருக்கிறதே, அதற்கும் ஒரு தகவல். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இரண்டு கடைத்தெருக்களில், உங்கள் வாடிக்கையாளரில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டபோது 41 சதம் என்றார்கள். வாடிக்கையாளரையே கேட்டுக் கணக்கெடுத்தபோது 22 சதம்தான். காரில் வருபவர் கடை வாசலை அடைத்து நிறுத்துவதால் கண்ணில் படுகிறார், நடந்து வருபவர் படுவதில்லை.

ஆகவே உறுப்பினர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு வாரம், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். வாடிக்கையாளர் நடந்தா, பேருந்திலா, இரு சக்கர வண்டியிலா, காரிலா எப்படி வந்தார் என்று கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். மறுபக்கத்தில் சரக்கு வண்டி எத்தனை மணிக்கு வந்தது, இறக்குவதற்கு முன் எவ்வளவு நேரம் நின்றது, அதற்கு என்ன செலவாயிற்று என்று எழுதுங்கள். அடுத்த பொதுக்குழுவுக்கு வரும்போது நோட்டைக் கொண்டு வந்து செயலாளரிடம் கொடுத்தால், மாநகராட்சியிலிருந்து எவராவது இந்தப் பேச்சை எடுத்து வரும் நாளில் மேஜை மேல் வைக்க நம்மிடம் சொந்தக் கணக்கு இருக்கும்.